பையை ஆட்டினால் வண்டி ஆடணும்

அம்மாவின் அரக்கு நிறப் பட்டுப்புடவையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. நல்லவேளை, கொசுவத்துக்குள் மறைந்துவிடுகிற இடம். ஆறு வருடம் முன்பு திருவண்ணாமலையில் சித்தி மகள் கல்யாணம். பஸ்ஸில் கொண்டுபோனால் கசங்கும் என்று சொல்லி அம்மா அதை என் பையில் வைத்தாள். நான் அப்போதுதான் ஹிமாலயன் 411 பைக் வாங்கியிருந்தேன். மலிவாகக் கிடைத்த ஒரு ஜோடி துணிப் பையை சீட்டின் மேல் குறுக்கே போட்டு, கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இரண்டை மாட்டிக்கொண்டு விடியற்காலை பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்பிவிட்டேன். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வரை ஒன்றும் தெரியவில்லை. செங்கம் தாண்டியதும் முடி கருகுகிற வாடை வந்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹிமாலயனுக்கு சைலன்சர் வலப்பக்கம், மேலே தூக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் பை இறங்கி இறங்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

கல்யாண மண்டப வாசலில் அம்மா என்ன பேசினாள் என்பதை விட்டுவிடுகிறேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கலாசிபாளையத்தில் லாரி பார்சல் ஆபீஸ்களில் முப்பது வருடத்துக்கு மேல் சரக்கு ஏற்றி இறக்கியவர். குனிந்து இடப்பக்கப் பையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பை ஆடியது, வண்டி சும்மா நின்றது. "பாத்தியா? பைய ஆட்டினா வண்டி ஆடணும். சரக்க வண்டி மேல வெக்கறது வேற, வண்டியோட கட்றது வேற கண்ணு" என்றார்.

பைக் பயணத்துக்குப் பை கட்டுவதில் அதற்கப்புறம் நான் செய்து பார்த்ததெல்லாம் அந்த ஒரு உலுக்கலில் தேறுவதற்காகத்தான். என் கணக்கு ஹிமாலயனுக்கு; உங்கள் வண்டியில் இடம் மாறும், முறை மாறாது.

பக்கவாட்டில் தொங்கும் சேடில் பையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கெடுதல் எல்லாம் அங்கேதான். பை வாங்குவதற்கு முன்னால் சேடில் ஸ்டே வாங்குங்கள். பை உள்பக்கமாகச் சாயாமல் தடுக்கிற இரும்புக் குழாய்ச் சட்டம் அது. ஜே.சி. ரோட்டு வண்டிச் சாமான் கடைகளில் வண்டி மாடல் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை மாட்டாமல் பையைத் தொங்கவிட்டால் ஒரு பக்கம் சைலன்சரில் சுடும், இன்னொரு பக்கம் சக்கரத்திலோ செயினிலோ உரசும். "நான் இறுக்கமாகக் கட்டியிருக்கிறேனே" என்று சொல்பவர்கள் உண்டு. நின்ற இடத்தில் இறுக்கமாக இருப்பது விஷயமில்லை. பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ, அந்த நிலையில் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். பையை நிரப்பிக் கட்டியபின் நீங்களும் இன்னொருவரும் வண்டியில் உட்கார்ந்து பின்பக்கத்தை நன்றாகக் குதித்து அமுக்குங்கள். மூன்றாவது ஆள் போன் டார்ச்சோடு பின்னால் குனிந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் அம்மா. புடவை விஷயத்துக்குப் பிறகு அந்த வேலையை வேறு யாருக்கும் விடுவதில்லை. நன்றாக அமுங்கிய நிலையிலும் பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் நாலு விரல் கிடையாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பையை மேலே ஏற்றுங்கள், அல்லது ஸ்டேயின் மேல்கம்பிக்குப் போகிற வாரைக் குறையுங்கள். அதற்கும் வழியில்லாத வண்டிகளில் சைலன்சரின் மேல் ஒரு உலோகத் தகட்டுக் கவசம் போட்டுவிடலாம்.

இரண்டு பையையும் இணைக்கிற அகலமான பட்டையை சீட்டுக்கு மேலே போடாதீர்கள். சீட்டைக் கழற்றி அதன் அடியில் போடுங்கள். மேலே போட்டால் உட்கார உட்கார நகரும், தொடையில் அறுக்கும். அடியில் போட்டபிறகு சீட் பூட்டு "டக்" என்று விழுகிறதா, வயர் எதையாவது நசுக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பையின் முன்கீழ் மூலையிலிருந்து ஒரு வார் பில்லியன் (பின்னால் உட்காருபவர்) ஃபுட்ரெஸ்ட் தாங்கிக்கு, பின்கீழ் மூலையிலிருந்து ஒரு வார் ஸ்டேக்கு. முன்வார் பையைப் பின்னுக்குப் போகவிடாது, பின்வார் முன்னுக்கு வரவிடாது. ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு இருந்தால்தான் பை நடுவில் நிற்கும். ஒரே திசையில் எத்தனை வார் போட்டாலும் அது ஒரு வார்தான்.

எங்கே கட்டக்கூடாது என்பது இதைவிட முக்கியம். ஸ்விங் ஆர்மில் கட்டாதீர்கள். அது சக்கரத்தோடு மேலும் கீழும் போகிற பாகம். பை வண்டியின் சட்டத்தோடு நிற்க, வார் சக்கரத்தோடு ஆட, பத்து கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். இண்டிகேட்டர் தண்டு, நம்பர் பிளேட் தகடு, பிளாஸ்டிக் பேனல் எதுவும் ஆகாது. ஸ்டே போக, ஃப்ரேம் குழாய், கேரியர், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்கிற கிராப் ரெயில், பில்லியன் ஃபுட்ரெஸ்ட் தாங்கி, இந்த நாலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கேரியரின் விளிம்பு கூர்மையாக இருந்தால், வார் அதன்மேல் போகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி உறை மாதிரி போட்டுவிடுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வண்டி அதிரும்போது இரும்பு விளிம்பு ரம்பம் மாதிரி வாரை அறுக்கும். அறுப்பது கண்ணுக்குத் தெரியாது.

இனி கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. பஞ்சி கார்டு என்பார்கள், எல்லா ஆக்சசரீஸ் கடை வாசலிலும் கலர் கலராகத் தொங்கும். எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அது நீளும் என்பதுதான் அதன் குணம். பை துள்ளும்போது அதுவும் கூடத் துள்ளிக் கொடுக்கும். வெயிலில் கிடந்தால் உள்ளே ரப்பர் செத்துப்போகும், மேல்துணி மட்டும் புதுசாகத் தெரியும். மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும். கண்ணுக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரெயின்கோட்டையோ தண்ணீர் பாட்டிலையோ கட்டிய பையின் மேல் செருகிவைக்க ஒரு எலாஸ்டிக் வலை வைத்துக்கொள்ளலாம். பையையே அதில் நம்பிக் கட்டாதீர்கள்.

வேண்டியது நீளாத நாடா வார், கேம் பக்கிள் வைத்தது. உலோக பக்கிளுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு பல் இருக்கும். வாரின் நுனியை அடியிலிருந்து நுழைத்து மேலே இழுத்தால் போகும், விட்டால் பல் கடித்துக்கொள்ளும், கட்டைவிரலால் அமுக்கினால் விடும். ஒரு அங்குல அகலம் போதும். நைலானைவிட பாலியஸ்டர் நல்லது. நைலான் தண்ணீர் குடித்தால் நீளும், மழையில் கட்டு தளரும். லாரியில் பார்க்கிற, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் வார் வேண்டாம். கடகடவென்று ஏற்றினால் எவ்வளவு இறுகிவிட்டது என்று கைக்குத் தெரியாது, பையையும் கேரியரையும் சேர்த்து நசுக்கிவிடும். துணிப் பைக்குக் கையின் பலம் போதும். ராக் ஸ்ட்ராப் வகை வார் ஒன்றும் இருக்கிறது, பெரும்பகுதி நீளாத நாடாவும் கொஞ்சம் ரப்பரும் கலந்தது. பை வழியில் அமுங்கிச் சிறுத்தாலும் அந்த ரப்பர் துண்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். பின்சீட்டில் வைக்கிற டெயில் பைக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.

அப்பாவுக்கு இதில் எதுவும் பிடிக்காது. "ஒரு கயிறு குடு போதும்" என்பார். வார் அறுந்த ஒரு நாள் அவர் சொல்லிக்கொடுத்த கட்டுதான் என்னை ஊர் சேர்த்தது. லாரியில் தார்ப்பாய் மேல் கயிறு இழுத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கட்டு. கயிற்றின் ஒரு முனையை ஒரு பக்கத்து ஃப்ரேமில் முடிந்துகொள்ளுங்கள். மறுமுனை பையின் மேலாக ஏறி இந்தப் பக்கம் இறங்கட்டும். கட்டப்போகிற கம்பிக்கு ஒரு சாண் மேலே, கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கி, அந்த முறுக்குக்குள் கீழ்க்கயிற்றை மடித்து நுழைத்து ஒரு சின்ன வளையம் எடுங்கள். பையின் பக்கம் கயிற்றை இழுத்துப் பாருங்கள். வளையம் சுருங்கினால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், அவிழ்த்து மறுபக்கமாக முறுக்குங்கள். சுருங்காமல் நின்றால் சரி. மிச்சக் கயிறு கம்பியின் அடியில் சுற்றி மேலே வந்து, அந்த வளையத்துக்குள் நுழைந்து, திரும்பக் கீழே வர வேண்டும். இப்போது கீழ்நோக்கி இழுங்கள். கப்பியில் தண்ணீர் சேந்துவது மாதிரிதான்: கணக்குப்படி கையின் பலம் மூன்று மடங்காக வேண்டும், கயிற்றோடு கயிறு உரசுவதில் கொஞ்சம் போய்விடும். இறுகியதும் வளையத்தில் கயிறு திரும்புகிற இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே இரண்டு முடிச்சு போடுங்கள். கிள்ளாமல் விட்டால் இழுத்த இறுக்கம் எல்லாம் ஓடிவிடும். நான் ஒரு வாரம் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிப் பழகினேன். நாலு மீட்டர் கயிறு இப்போதும் டூல் பையில் இருக்கிறது.

டெயில் பையை பில்லியன் சீட்டில் படுக்கப் போடுங்கள், முடிந்தவரை முதுகை ஒட்டி. அடியில் அலமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் வலை விரிப்பு ஒரு துண்டு போட்டால் வழுக்காது, தூசி சேர்ந்து சீட்டைத் தேய்க்காது. நாலு மூலைக்கும் நாலு கட்டு: முன்னிரண்டும் முன்பக்கம் இழுக்க வேண்டும், பின்னிரண்டும் பின்பக்கம். கட்டியபின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் தெரிய வேண்டும். என்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொன்று: ஏறும்போது பூட்ஸ் பையில் இடிக்கும். காலைப் பின்னால் வீசாதீர்கள். முழங்காலை மடித்து சீட்டின் மேலாக முன்னால் நுழைத்து ஏறுங்கள். பாரத்தோடு சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை ஒரு உதை சாய்த்துவிடும்.

வாரின் நுனி. இதைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். இறுக்கியபின் ஒவ்வொரு வாரிலும் ஒரு முழம், இரண்டு முழம் மிஞ்சித் தொங்கும். இரண்டாவது பயணத்தில் ஊத்தங்கரைக்கு முன்னால் ஒரு லாரியைத் தாண்டும்போது கிளீனர் பையன் ஜன்னலில் பாதி வெளியே வந்து "யக்கா, வாரு! வாரு!" என்று கத்தினான். ஓரங்கட்டிப் பார்த்தேன். இடப்பக்கப் பையின் பின்வார் அவிழ்ந்து செயினுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி இரண்டு அங்குலத்துக்குப் பல் துலக்கிய வேப்பங்குச்சி மாதிரி நார் நாராகப் பிரிந்து, செயின் கிரீஸில் கருத்திருந்தது. இன்னும் ஒரு விரல் உள்ளே போயிருந்தால் செயின் ஓடுகிற பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட், பிடித்து இழுத்திருக்கும், சக்கரம் நின்றிருக்கும். அன்று வேகம் எண்பது. அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுக்கக்கூட லாரி நிற்கவில்லை.

ஆகவே: மிஞ்சின வாரை உள்ளங்கை அகலத்துக்கு மடித்து மடித்து சுருட்டி, அதே வாரின் இறுகிய பாகத்துக்கு அடியில் செருகி, அதன்மேல் வெல்க்ரோ பட்டையோ சைக்கிள் டியூப் வளையமோ போடுங்கள். வெறுமனே செருகினால் காற்று உருவிவிடும். நிரந்தரமாக வேண்டாத நீளம் என்று தெரிந்தால் வெட்டிவிட்டு நுனியைத் தீக்குச்சியில் உருக்கி அடையுங்கள். இறுகிய வார் காற்றில் "ர்ர்ர்" என்று தவளை மாதிரி கத்தினால், அவிழ்த்து ஒரே ஒரு முறுக்கு கொடுத்துத் திரும்பக் கட்டுங்கள், சத்தம் நிற்கும்.

பைக்குள் என்ன வைப்பது என்பது கட்டுவதில் பாதி. குளியலறை எடை மிஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நில்லுங்கள். என்னுடையது இடப்பக்கம் 7 கிலோ, வலப்பக்கம் 6.5, டெயில் பை 5, பெட்ரோல் டேங்க் மேல் வைக்கிற டேங்க் பை 1.5. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் வேண்டும். டூல், பூட்டு, டியூப் மாதிரி கனமானது சேடில் பையின் அடியில், முன்பக்கம். துணி மட்டும் டெயிலுக்கு. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கனத்தை ஏற்றினால் வண்டியின் மூக்கு லேசாகும், வேகத்தில் கைப்பிடி பாம்பு மாதிரி நெளியும். பாதி காலியான பையை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. உள்ளே துணி அமுங்கும், வெளியே வார் தளரும். சின்னப் பையாக எடுத்து நிரம்ப அடையுங்கள்.

பாரம் ஏறினால் டயர் காற்றும் மாற வேண்டும். வண்டிப் புத்தகத்தில் இரண்டு பேர் போகும்போதைக்கு என்று தனியாக ஒரு அளவு போட்டிருக்கும், நான் அதை வைக்கிறேன். பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, சி-ஸ்பேனர் என்கிற வளைந்த ஸ்பேனரால் ஒரு படி ஏற்றுவேன். இல்லாவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்து ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

மழைக்கு மேலுறை கொடுப்பார்கள். அதை நம்பிக் கெட்டேன்; காற்று புகுந்து பலூன் மாதிரி உப்பி, அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே பறந்துவிட்டது. தண்ணீரை உள்ளேயே தடுப்பதுதான் சரி. பைக்குள் தண்ணீர் புகாத ஒரு டிரை பேக், அதன் வாயை மூன்று சுற்றாவது சுருட்டி, சுருட்டுவதற்கு முன் முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி. அது இல்லையென்றால் கெட்டியான குப்பைக் கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று.

டேங்க் பை பற்றி இரண்டே விஷயம். காந்தம் வைத்தது என்றால் டேங்கைத் துடைத்துவிட்டு வையுங்கள், மணல் இருந்தால் பெயின்ட் போகும். வைத்தபின் கைப்பிடியை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹாரன் தானாக அடித்தால் பை பெரிசு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே எல்லாம் கட்டி ஒரு சுற்று போய் வாருங்கள். நான் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைச் சுற்றிக்கொண்டு, பெயின்ட் அடிக்காத வேகத்தடை எங்கெங்கே உண்டோ அந்தத் தெருவாகப் பார்த்து வருவேன். 1991இல் கொண்டுவந்த சிலையைப் பதினெட்டு வருடம் மூடியே வைத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். கட்டினால் அப்படிக் கட்டணும் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கைச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அந்த உலுக்கல். பையைப் பிடித்து ஆட்ட, வண்டி மொத்தமும் ஸ்டாண்டில் ஆட வேண்டும்.

கிளம்பிய அன்றைக்கு முதல் பத்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி எல்லா வாரையும் இறுக்குங்கள். உள்ளே சாமான் குலுங்கிப் படிந்திருக்கும், எந்த வாரும் அரை அங்குலமாவது வாங்கும். அடுத்தது எனக்கு ஓசூர் டீக்கடை. அதற்கப்புறம் பெட்ரோல் போடும்போதெல்லாம் கை தானாகப் போய் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும். மைசூர் பக்கம் போகிறவர்கள் இதை இரட்டிப்பாகச் செய்யுங்கள். விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். அங்கே குலுக்கலுக்குப் பஞ்சமில்லை. டீ குடிக்கும்போது வண்டி கண் பார்வையில் நிற்கட்டும். துணிப் பையைத் திறக்க சாவி வேண்டாம், பிளேடு போதும். பணம், ஆர்.சி., மருந்து மூன்றும் உடம்போடு.

திரும்பி வந்தபின் வார்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். காய்ந்ததும் விரலால் முழு நீளமும் தடவிப் பார்த்து, தையல் விட்டது, நார் பிரிந்தது இருந்தால் தயங்காமல் கழித்துவிடுங்கள். நான் கழித்த வார்களை அப்பா தூக்கிப் போடவிடுவதில்லை. மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று, காற்றில் சாயாமல், இரண்டு எதிர்த்திசை வார்களில் குழாயோடு கட்டப்பட்டு நிற்கிறது. போன வாரம் ஆட்டிப் பார்த்தேன், குழாய் ஆடியது.